இளங்கலையில் சமூகவியலா, மானிடவியலா? வழிகாட்டுங்கள்

கேள்வி: வெண்ணாற்றங்கரை

அனைவருக்கும் வணக்கம். இந்த ஆண்டு வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றிருக்கிறேன். எங்கள் ஊர் தஞ்சை மாவட்டத்தில் உள்ளது. தொடக்கத்திலிருந்தே தமிழ் வழியில்தான் படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆள் நான்.

பதினோராம் வகுப்பில் எங்கள் வரலாற்று ஆசிரியை, அவரவர் ஊரில் தெருக்கள் எந்த வரிசையில் அமைந்துள்ளன, எந்தத் தெருவார் எந்தக் குளத்துப் படித்துறையைப் பயன்படுத்துகிறார்கள், தேர் எந்தத் தெருக்களில் வருகிறது, எங்கே வராமல் திரும்பிவிடுகிறது என்று விசாரித்து எழுதி வரச் சொன்னார். பிறந்தது முதல் நடந்து திரிந்த தெருக்களைப் பற்றி அதுவரை நான் ஒரு கேள்வியும் கேட்டதில்லை என்பது அதை எழுதும்போதுதான் புரிந்தது. அந்த வகையான கேள்விகளையே படிப்பாக எடுத்துப் படிக்க விரும்புகிறேன். சமூகவியல், மானிடவியல் என்று இரண்டு பெயர்களைச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வேறுபாடு, என் பிரிவில் படித்தவர்களுக்கு எது கிடைக்கும், தமிழ் வழியில் படித்தது தடையாகுமா என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். இதைப் படித்தால் என்ன வேலைக்குப் போகலாம் என்று அப்பா கேட்கிறார். அவருக்கு நேர்மையான பதில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

மறுமொழி 1: கரும்பலகை

வணக்கம். கலைக் கல்லூரி ஒன்றில் சமூகவியல் கற்பிக்கிறேன். உங்கள் ஆசிரியை கொடுத்த வேலைதான் இந்தப் படிப்பின் உயிர். பல கல்லூரிகளில் மூன்று ஆண்டுகள் முடியும்வரை அப்படி ஒரு வேலையைக் கொடுப்பதே இல்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

வேறுபாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். தொழிற்புரட்சிக்குப் பின் தங்கள் சமூகம் தலைகீழாக மாறியதைக் கண்ட ஐரோப்பியர், அதைப் புரிந்துகொள்ளும் முயற்சியில் வளர்த்தெடுத்த துறை சமூகவியல். அதே ஐரோப்பியர் தங்கள் ஆட்சிக்குட்பட்ட தொலைதூர மக்களை ஆராயப் புறப்பட்டபோது வளர்ந்தது மானிடவியல். அதனால்தான் மானிடவியலுக்குள் பண்பாட்டு ஆய்வோடு மனித உடலின் பரிணாமம், மரபியல், தொல்பழங்காலம், மொழி ஆகியவையும் சேர்ந்து வருகின்றன. இந்தியாவிலோ இந்த இரண்டுக்கும் நடுவே உயரமான சுவர் என்றுமே எழுந்ததில்லை. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் 1919இல் சமூகவியல் துறையும், கல்கத்தாவில் 1920இல் மானிடவியல் துறையும் தொடங்கப்பட்டன. பம்பாயில் படித்து, ஆக்ஸ்ஃபோர்டில் சமூக மானிடவியலில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய எம். என். ஸ்ரீநிவாஸ்தான் 1959இல் தில்லிப் பொருளியல் பள்ளியில் சமூகவியல் துறையை நிறுவினார். ஊரில் தங்கி ஆராயும் மானிடவியல் முறை நம் நாட்டுச் சமூகவியலுக்குள் இந்த வழியாகவே வலுவாக வந்து சேர்ந்தது. ஆகவே பெயர்ப்பலகையைப் பார்த்து நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது வேறு ஒன்று. முதல் ஆண்டில் சமூகவியலின் முன்னோடிச் சிந்தனையாளர்களான துர்க்கைம், மார்க்ஸ், வெபர் மூவரும் வருவார்கள். கடையில் விற்கும் நோட்ஸை வாங்கி, மூவரின் வரையறைகளையும் மனப்பாடம் செய்து, பத்து மதிப்பெண்ணுக்கு இரண்டு பக்கம் என்று எழுதித் தேர்ச்சி பெற்றுவிட முடியும். அப்படிப் பட்டம் வாங்கியவர்களுக்குத் தங்கள் தெருவைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. துர்க்கைம் 1897இல் வெளியிட்ட தற்கொலை பற்றிய ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். தனி மனிதரின் துயரம் என்று நாம் நினைக்கும் ஒரு செயலின் விகிதம், மதத்தையும் மணவாழ்வையும் பொறுத்து ஒழுங்காக மாறுகிறது என்பதைப் புள்ளிவிவரங்களைக் கொண்டு அவர் காட்ட முயன்றார். அவர் அட்டவணைகளை எப்படி ஒப்பிட்டார், எந்த விளக்கங்களை எந்தக் காரணத்தால் தள்ளினார் என்று கூடவே நடந்து பார்க்க வேண்டும். வரையறையை மட்டும் படித்தால் அந்த உழைப்பு கண்ணில் படாது.

இதற்கு இணையாக, கல்லூரி சொன்னாலும் சொல்லாவிட்டாலும், களப்பணி செய்யுங்கள். உங்கள் தெருவில் இருபது வீடுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை குடும்பங்கள் என்று எழுதத் தொடங்குங்கள். எளிதாகத் தோன்றும், ஆனால் மூன்றாவது வீட்டிலேயே திணறுவீர்கள். அண்ணன் தம்பி இருவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள், அடுப்பு இரண்டு இருக்கும். குடும்ப அட்டை ஒன்றாகவோ மூன்றாகவோ இருக்கலாம். தாயார் ஒரு மாதம் மூத்தவனிடமும் ஒரு மாதம் இளையவனிடமும் சாப்பிடுவார். சிங்கப்பூரில் இருக்கும் மகன் அனுப்பும் பணத்தில்தான் இரண்டு அடுப்பும் எரியும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரே சமையலில் உண்டு சேர்ந்து வாழ்பவர்களை ஒரு குடும்பமாகக் கணக்கிடுகிறார்கள். அந்த விதியை உங்கள் மூன்றாவது வீட்டில் பொருத்திப் பாருங்கள். கூட்டுக் குடும்பம் சிதைந்துவருகிறது என்று பாடநூலில் ஒரே வரியில் எழுதியிருப்பதை அதன்பின் அவ்வளவு எளிதாக ஏற்கவும் மாட்டீர்கள், மறுக்கவும் மாட்டீர்கள்.

மாணவர்கள் இப்படிச் செய்வது நம் மண்ணுக்குப் புதிதன்று. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், வினாப்பட்டியலைக் கையில் கொடுத்துத் தம் மாணவர்களைச் சொந்த ஊர்களுக்கு அனுப்பினார். அவர்கள் திரட்டியவற்றுள் சில 1918இல் நூலாக வந்தன. அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சியும் அதில் இடம்பெற்ற ஊர்களுள் ஒன்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து அதே ஊர்களை மீண்டும் ஆராய்ந்து, அந்த முடிவுகளை 1940இல் வெளியிட்டார்கள். பின்னர் வந்த ஆய்வாளர்களும் அந்த ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்கள். மாணவர்கள் கவனமாக எழுதி வைத்த ஒரு தொடக்கக் கணக்கு இருந்ததால்தான் இத்தனை பேர் பின்னால் ஒப்பிட முடிந்தது.

மறுமொழி 2: நீலமலை

தங்கைக்கு வணக்கம். நான் இளங்கலையில் சமூகவியலும் முதுகலையில் மானிடவியலும் படித்தவன். இப்போது நீலகிரியில் பழங்குடியினர் உடல்நலம் தொடர்பான தொண்டுப் பணியில் இருக்கிறேன்.

இளங்கலையில் மானிடவியல் தரும் கல்லூரிகள் நம் மாநிலத்தில் அரிது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் உண்டு. ஆனால் அங்கே அது அறிவியல் பட்டம், பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பாடங்கள் படித்திருக்க வேண்டும். உங்கள் பிரிவுக்கு அந்த வழி அடைபட்டிருப்பதால், இளங்கலையில் சமூகவியலை எடுத்துக்கொண்டு முதுகலையில் மானிடவியலுக்கு மாறுவதுதான் பொருத்தம். சென்னைப் பல்கலைக்கழகம், புதுவைப் பல்கலைக்கழகம், ஐதராபாத் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் மானிடவியல் முதுகலை இருக்கிறது. சேர்க்கை விதிகளை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலே ஐயா குடும்பக் கணக்கைப் பற்றி எழுதியிருக்கிறார். அதோடு வம்சாவளி வரைபடம் ஒன்றையும் சேர்க்க விரும்புகிறேன். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்கு இரட்டைக் கோடு, இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு என்று குறித்துக்கொண்டு, உங்கள் பாட்டியாரை உட்காரவைத்து மூன்று தலைமுறைக்கு வரையுங்கள். ஒவ்வொரு பெண்ணுக்குப் பக்கத்திலும் அவர் பிறந்த ஊரை எழுதுங்கள். தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் மணம் முடித்த இடங்களில் கோடுகள் மீண்டும் மீண்டும் ஒரே சில ஊர்களுக்குப் போய் வருவதையும், எந்தத் தலைமுறையில் அது நின்று தொலைதூர ஊர்களிலிருந்து சம்பந்தம் வரத் தொடங்கியது என்பதையும் தாளிலேயே காணலாம். அந்த மாற்றம் நிலம் கைமாறிய காலத்தோடு ஒட்டி வருகிறதா, பெண்கள் படிக்கத் தொடங்கிய காலத்தோடு ஒட்டி வருகிறதா என்று பாட்டியாரிடமே கேளுங்கள். இந்த வரைபட முறையை உருவாக்கிய டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், 1901-02இல் இந்த நீலகிரிக்கு வந்து இங்குள்ள பழங்குடியினரான தோடர்களிடையே அதைப் பயன்படுத்தினார். தோடர்களைப் பற்றிய அவருடைய நூல் 1906இல் வெளிவந்தது.

ரிவர்ஸைச் சொன்ன கையோடு இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். இன்றும் எல்லாரும் அவற்றை மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அவர் மனிதர்களை நிறுத்திவைத்துத் தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்தவர். மனிதர்களை இப்படி வகைப்படுத்திய அதே காலத்து ஆட்சிதான் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் முழுச் சமூகங்களையும் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பதிவு செய்தது. நாம் கற்கும் துறைக்கு இப்படி ஒரு கடந்த காலம் இருப்பதை முதல் ஆண்டிலேயே அறிந்துகொள்ள வேண்டும். இங்கே நான் போகும் ஊர்களில், முன்பு யார் யாரோ வந்து படம் எடுத்துக்கொண்டு, கேள்வி கேட்டுவிட்டுப் போனார்கள், எங்களுக்கு என்ன கிடைத்தது என்று முதியவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் களத்தில் அடுத்த அடி எடுத்து வைக்க எனக்கு மனம் ஒப்புவதில்லை.

மறுமொழி 3: கோப்புக்கட்டு

உங்கள் அப்பாவின் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் அது நியாயமான கேள்வி.

இளங்கலைச் சமூகவியலை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தப் பட்டத்துக்கென்றே ஒதுக்கப்பட்ட வேலை கிடைப்பது கடினம். ஆனால் ஏதேனும் ஒரு பட்டம் போதும் என்னும் அரசுத் தேர்வுகள் அனைத்தையும் எழுதலாம். குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் சமூகவியலும் மானிடவியலும் விருப்பப் பாடங்களாக உள்ளன. தேர்ந்தெடுக்கும் விருப்பப் பாடத்துக்கு இரண்டு தாள்கள், தாளுக்கு 250 வீதம் 500 மதிப்பெண்கள். மானிடவியலின் முதல் தாளில் பரிணாமமும் மரபியலும் வருகின்றன என்பதை மறந்துவிட வேண்டாம். முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதவும் இடமுண்டு. கற்பித்தலிலும் ஆராய்ச்சியிலும் விருப்பம் இருந்தால் முதுகலையும் தேசியத் தகுதித் தேர்வும் வேண்டும். இந்திய மானிடவியல் அளவீட்டுத் துறை என்று மத்திய அரசின் நிறுவனமே இருக்கிறது, அதன் தென்மண்டல மையம் மைசூரில் உள்ளது.

இவற்றைவிட எளிதாக வேலை கிடைக்கும் இடம் கள ஆய்வு நிறுவனங்களும் தொண்டு நிறுவனங்களும்தான். அங்கே முதலில் பார்ப்பது, வினாப்பட்டியல் தயாரிக்கத் தெரியுமா, கணினியில் அட்டவணை போடத் தெரியுமா, சதவீதத்துக்கும் சராசரிக்கும் அப்பால் கொஞ்சம் புள்ளியியல் தெரியுமா என்பதைத்தான். சமூகவியல் மாணவர்கள் பலர் புள்ளியியலைக் கண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். கணக்குப்பதிவியல் படித்த உங்களுக்கு எண்களைக் கண்டு அச்சம் இருக்காது. மேலே இருவரும் ஊரையும் மலையையும் பற்றி எழுதியிருக்கிறார்கள். திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளுக்கு வட மாநிலங்களிலிருந்து வந்து தங்கியிருக்கும் தொழிலாளர்களின் வாழ்க்கையும் இந்தத் துறையின் களம்தான் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அடிப்படை நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் உள்ளன. நாள்தோறும் இரண்டு பக்கம் அகராதியோடு படித்து, அதன் சாரத்தைத் தமிழில் எழுதி வையுங்கள். மூன்றாம் ஆண்டுக்குள் தடை பெரும்பாலும் விலகிவிடும். தமிழிலும் பக்தவத்சல பாரதியின் மானிடவியல் நூல்கள் கிடைக்கின்றன. கலைச்சொற்களுக்கும் அவை உதவும்.

மறுமொழி 4: வெண்ணாற்றங்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சமூகவியல் என்றே முடிவு செய்துவிட்டேன். அப்பாவிடமும் மூன்றாவது மறுமொழியை அப்படியே படித்துக் காட்டினேன். ஒரு தயக்கம் மட்டும் இருக்கிறது. பள்ளிக் கட்டுரைக்காக விசாரித்தபோது எங்கள் தெருவில் எல்லாரும் மனம்விட்டுப் பேசினார்கள். மேலத்தெருவில், இன்னார் மகள் இதையெல்லாம் ஏன் கேட்கிறாள் என்று முகம் சுளித்தார்கள். சொந்த ஊரை ஆராய்வது சரிதானா, அல்லது என்னை யாரும் அறியாத ஊருக்குப் போவது நல்லதா?

மறுமொழி 5: கரும்பலகை

உங்கள் மாவட்டத்திலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961-62இல் தஞ்சை வட்டாரத்து ஊர் ஒன்றில் தங்கி ஆராய்ந்து, அதற்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயரிட்டு 1965இல் நூல் எழுதினார். அவர் வங்கத்திலிருந்து வந்தவர், ஊரில் யாருக்கும் உறவில்லை. ஆயினும் அக்கிரகாரத்தில் தங்கியதால் ஊரார் அவரை அந்தத் தெருவின் ஆளாகவே கருதினார்கள். சேரிக்குப் போய்ப் பழகுவது அவருக்குக் கடினமாயிற்று. இதைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். ஸ்ரீநிவாஸ் 1948இல் ஆராய்ந்த ராம்புரா, மைசூருக்கு அருகே, அவருடைய மூதாதையர் வாழ்ந்த பகுதியில் உள்ளது. அவரும் ஊர்த்தலைவரின் ஆதரவில் தங்கியதால் மேல்சாதியாரின் கண்வழியாகவே ஊரைப் பெரிதும் பார்க்க நேர்ந்தது. ஆக, ஊருக்குள் பிறந்தாலும் வெளியிலிருந்து வந்தாலும் நீங்கள் ஒரு தெருவில்தான் நிற்க முடியும். மேலத்தெருவில் முகம் சுளித்தவர்களைப் பற்றி, யார், எந்தக் கேள்விக்கு, எந்த இடத்தில் என்று எழுதி வைத்தீர்களானால் அதுவே ஆய்வுச் செய்தியாகிவிடும். உங்களோடு பேச மறுப்பவர்கள் வேறொருவரிடம் பேசக்கூடும் என்பதால், கல்லூரியில் சேர்ந்தபின் வேறு தெருவிலிருந்து வரும் ஒரு தோழியோடு இணைந்து இதே ஊரை ஆராயுங்கள். இருவர் குறிப்புகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.

சில நடைமுறைகளை இப்போதே பழகிக்கொள்ளுங்கள். அன்றன்று கேட்டதை அன்றிரவே எழுதிவிட வேண்டும். அவர்கள் சொன்ன சொற்களை இடப்பக்கத்திலும், உங்கள் ஊகத்தை வலப்பக்கத்திலும் தனித்தனியாக எழுதுங்கள். ஊருக்கும் ஆட்களுக்கும் புனைபெயர் கொடுங்கள். எழுதவேண்டாம் என்று ஒருவர் கேட்டுக்கொண்டால் எழுதாமல் விட்டுவிடுங்கள், அது எவ்வளவு முக்கியமான செய்தியாக இருந்தாலும். 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது சென்னை மாநிலத்தில் தேர்ந்தெடுத்த சில ஊர்களுக்குத் தனித்தனி ஆய்வு நூல்கள் வெளியிட்டிருக்கிறார்கள். கணக்கெடுப்புத் துறையின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். வீட்டு அமைப்பு, தொழில், கடன், திருவிழா என்று எந்தெந்தத் தலைப்புகளில் விசாரித்தார்கள் என்பதை அவற்றில் பார்த்துவிட்டு, அதே தலைப்புகளில் உங்கள் வினாப்பட்டியலைத் தயாரித்து இங்கே இடுங்கள். குறைநிறைகளைப் பார்த்துச் சொல்கிறேன்.