தோட்டத்து வாக்காளர் இடாப்புகளைத் தேடியபோது

இலங்கையின் மலையகத் தோட்டங்களில், இந்தியத் தமிழரான எங்கள் பாட்டன் தலைமுறைக்கு 1931இல் வாக்குரிமை கிடைத்தது, 1949இல் அது பறிபோனது என்று இரண்டே வரியில் சொல்லி முடிப்பது நம்மிடையே வழக்கம். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் அக்காலத்து வர்த்தமானிகளையும் (அரசிதழ்களையும்) வாக்காளர் இடாப்புகளையும் (பட்டியல்களையும்) வாசித்த பிறகு, அந்தப் பறிப்பு உரிமை கிடைத்த நாளிலேயே தொடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

அரசியல் சீர்திருத்தம் பற்றி ஆராயப் பிரித்தானிய அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு 1927இன் இறுதியில் வந்தபோது, இலங்கையின் சனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேர் அளவுக்கே வாக்கு இருந்தது. பெண்களுக்கு வாக்குக் கேட்டு ஆணைக்குழுவின் முன் சென்ற அக்னெஸ் டி சில்வாவிடம், தோட்டத்தில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் அதைக் கொடுக்க வேண்டுமா என்று டொனமூர் பிரபு கேட்டார். அவர்களும் பெண்கள்தானே, கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று தாம் பதில் சொன்னதாக அந்த அம்மையார் பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த அளவுக்குத் தெளிவாகப் பேசிய ஆண் தலைவர்கள் அன்று எத்தனை பேர் என்பது வேறு கதை.

1929 டிசம்பரில், அன்றைய சட்டமன்றமான சட்டநிரூபண சபை டொனமூர் திட்டத்தை 19க்கு 17 என்ற கணக்கில் மயிரிழையில் ஏற்றுக்கொண்டது. அந்த இரண்டு வாக்கு வித்தியாசத்துக்காக ஆளுநர் ஸ்டான்லி கொடுத்த விலைகளில் ஒன்று தோட்டத் தொழிலாளியின் வாக்கு. 21 வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்று பேச்சளவில் இருந்தாலும், தோட்டத்து மனிதர் இலங்கையே தம் நிரந்தர வதிவிடம் என்று காட்ட வேண்டும். அல்லது எழுத்தறிவோடு சொத்தோ வருமானமோ இருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால், ஐந்து ஆண்டு வதிவைக் காட்டி, இங்கேயே குடியிருக்கப் போவதாக உறுதி கூறி, நிரந்தரக் குடியேற்றச் சான்றிதழ் பெற வேண்டும். அந்தச் சான்றிதழை வாங்குகிறவர் இலங்கை அரசு தவிர்ந்த வேறு அரசின் பாதுகாப்பைக் கோர முடியாது என்ற நிபந்தனை இருந்ததால், அதை நாடியவர்கள் மிகச் சிலரே.

ஹட்டன் தொகுதி இடாப்பில் நான் அதிக நேரம் செலவிட்ட பக்கம் ஒன்று உண்டு. மேலே தோட்டத்தின் பெயர், அடுத்து டிவிஷன் என்னும் தோட்டத்து உட்பிரிவு, அதன் கீழே ஆங்கில எழுத்தில் ராமசாமி, முனியாண்டி, செல்லம்மா, மறுபடியும் ஒரு ராமசாமி. காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடும் வரிசையே அச்சில் ஏறியது போலிருந்தது. இப்படிப்பட்டவர்களின் வாக்குகள்தாம் 1931இல் பெரி சுந்தரத்தையும் 1936இல் கோ. நடேசய்யரையும் டொனமூர் திட்டப்படி அமைந்த அரசாங்க சபைக்கு அனுப்பிய தொகுதியின் பலம். வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிறப் பெட்டி வைத்து வாக்களித்த காலம் அது. எழுதப் படிக்கத் தெரியாத கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கும் நிறம் தெரிந்தால் போதும்.

இந்தியத் தமிழ் வாக்காளர் தொகை 1931இல் ஏறக்குறைய 1 லட்சமாக இருந்து, 1939இல் 2.25 லட்சத்தை எட்டியது. அதன்பின் இடாப்புத் திருத்தத்தில் அத்தாட்சிகளைக் கடுமையாகக் கேட்கத் தொடங்கியதும், 1943இல் 1.68 லட்சமாகக் குறைந்தது. 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் (குடியுரிமைச் சட்டம்) வருவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே நடந்த இந்த வீழ்ச்சியைப் பற்றி நம்மவர் மேடைகளில் பேசி நான் கேட்டதேயில்லை. எஞ்சிய வாக்குகளைக் கொண்டே 1947இல் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. தோட்டத் தமிழரில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், வாக்கைப் பறித்த 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் வந்த பிறகு, 1952 பாராளுமன்றத்தில் அக்கட்சிக்கு ஓர் ஆசனம்கூட இல்லை.

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பாட்டியின் பிரசாவுரிமை விண்ணப்பப் பிரதி ஒன்று கிடக்கிறது. இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்கள் பிரசாவுரிமை பெறுவதற்கான 1949இன் 3ஆம் இலக்கச் சட்டப்படி, மணமானவர் ஏழு ஆண்டு, மணமாகாதவர் பத்து ஆண்டு தொடர்ந்து வசித்ததைக் காட்ட வேண்டும். பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் நாட்டை விட்டுப் போயிருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். தாயின் கருமாதிக்குத் திருச்சிப் பக்கம் போன பாட்டி, காய்ச்சலில் படுத்துத் தாமதித்துத் திரும்பியிருக்கிறார். செக்ரோல் என்னும் தோட்டத்துப் பெயர்ப் பதிவேட்டில் மீனாச்சி, பிறப்புச் சான்றில் மீனாட்சி. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அப்போது ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரசாவுரிமை பெற்றவர்கள் சுமார் 1.34 லட்சம் பேர்.

தேடப் போகிறவர்கள் தோட்டத்தின் பெயரோடு டிவிஷன் பெயரையும், அதன் பழைய ஆங்கிலப் பெயரையும் குறித்துக்கொண்டு போங்கள்; நம் வாய்ப்பேச்சில் வழங்கும் தோட்டப் பெயர்கள் இடாப்பில் இருக்காது. ஒரே டிவிஷனின் 1939, 1943 இடாப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டவர் எவரேனும் இருந்தால், விடுபட்ட பெயர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதை அறிய ஆவலாக இருக்கிறேன்.