மறுமொழி: ‘எஸ்டேட் குரோன்’ ஒயின் – ‘தன்விளை’க்கு என் வாக்கு

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒயின் புட்டியின் சீட்டில் வரும் ‘எஸ்டேட் குரோன்’ என்ற ஆங்கிலத் தொடருக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் தோட்ட ஒயின், பண்ணைத் தேறல் (தேறல் என்பது மதுவுக்குப் பழந்தமிழ்ச் சொல்), தன்விளை ஒயின் ஆகிய மூன்றும் களத்தில் நிற்கின்றன. என் வாக்கு மூன்றாவதற்கு. மற்ற இரண்டும் ஏன் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

> ஒயின் எதுவானாலும் திராட்சைத் தோட்டத்திலிருந்துதானே வருகிறது? ‘தோட்ட ஒயின்’ போதாதா?

நீங்கள் சொல்வதே அதற்கு எதிரான வாதம், ஐயா. எல்லா ஒயினுக்கும் பொருந்தும் சொல் எந்த ஒயினையும் பிரித்துக் காட்டாது. சீட்டில் ‘எஸ்டேட் குரோன்’ என்று அச்சிடுபவர் சொல்ல வருவது இடத்தை அல்ல, ஆளை. திராட்சையை வளர்த்த கையும் ஒயினாக்கிய கையும் ஒன்றே என்கிறார்.

இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக் காரணம் உண்டு. பிரான்சின் ஒயின் வட்டாரமான போர்தோவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தோட்டக்காரர்கள் பெரும்பாலும் ஒயினைப் பீப்பாயோடு வணிகரிடம் விற்றுவிடுவார்கள். ஒரு பீப்பாய் 225 லிட்டர்; இன்றைய 750 மி.லி. புட்டியில் 300. நகரின் ஷார்த்ரோன் பகுதிக் கிடங்குகளில் வணிகரே அதை முதிரவைத்துப் புட்டியில் அடைப்பார். 19ஆம் நூற்றாண்டில் வலுக்குறைந்த ஒயினுக்கு ரோன் பள்ளத்தாக்கின் எர்மித்தாழ் ஒயினைக் கலந்து வலுவேற்றுவதும் ஒளிவுமறைவில்லாத வழக்கம். குடிப்பவர் கைக்கு வந்தது தோட்டத்தின் பெயர். உள்ளே இருந்ததற்கு வணிகரின் நாணயமே பொறுப்பு.

1924இல் போர்தோவின் மூத்தோன் தோட்டத்தின் பிலிப் தெ ரோத்ஷீல்து, 22 வயதில், விளைச்சல் முழுவதையும் தோட்டத்திலேயே அடைப்பது என்று முடிவெடுத்தார். அந்த ஆண்டின் சீட்டை ழான் கார்லு என்ற ஓவியர் வரைந்தார். பீப்பாய்கள் வெளியேறாமல் தங்கிவிட்டதால் இடம் போதவில்லை. 1926இல் 100 மீட்டர் நீளத்துக்குப் புதுக் கிடங்கு எழுப்பினார்கள். ஒரு வரிச் சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு கட்டுமானச் செலவு இருக்கிறது!

> ‘எஸ்டேட்’ என்றே வைத்துக்கொள்வோம். வால்பாறையிலும் ஹட்டனிலும் எல்லோருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல் என்பதால்தான் வேண்டாம் என்கிறேன். மலையில் எஸ்டேட் என்றால் தேயிலை. நகரத்தில் ‘ரியல்’ சேர்ந்து மனைப்பிரிவு. இரண்டிலும் நிலத்தின் பரப்பும் உடைமையும்தான் மேலே நிற்கின்றன. ஒயினில் பரப்பு ஒரு பொருட்டே இல்லை. பிரான்சின் இன்னொரு ஒயின் வட்டாரமான பர்கண்டியில் ஒரு புகழ்பெற்ற நிலத்தில் சில வரிசைக் கொடிகள் மட்டுமே வைத்திருப்பவர்கூடத் தன் பெயரில் ஒயின் தருகிறார். ‘பண்ணை’யும் இதே காரணத்தால் விழுகிறது; போதாக்குறைக்குப் பின்னால் பண்ணையாரும் வந்து நிற்பார்.

உடைமையும் கட்டாயமில்லை. ‘எஸ்டேட் பாட்டில்டு’ (தோட்டத்திலேயே அடைத்தது) என்று சீட்டில் போட அமெரிக்க விதி கேட்பவை இவை: தோட்டமும் ஆலையும் ஒரே திராட்சை வட்டாரத்துக்குள் இருக்க வேண்டும், திராட்சை முழுவதும் ஆலை தன் நிலத்திலோ தன் கட்டுப்பாட்டிலுள்ள நிலத்திலோ விளைவித்ததாக இருக்க வேண்டும், பிழிவதிலிருந்து அடைப்பது வரை ஒயின் வளாகத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. ‘கட்டுப்பாடு’ என்பதில் குத்தகையும் அடங்கும். ஆனால் குறைந்தது மூன்று ஆண்டு ஒப்பந்தம் வேண்டும், சாகுபடி வேலை அனைத்தையும் ஆலையே செய்ய வேண்டும். ஆகவே ‘சொந்த நில’ என்று தொடங்கும் எந்தச் சொல்லும் குத்தகைக்காரரை வெளியே தள்ளிவிடும். ‘தன்’ தள்ளாது.

> ‘தன்விளை’ என்றால் தானாக முளைத்தது என்று படாதா?

இந்த இழையின் சிறந்த எதிர்ப்பு இதுதான், அம்மா. ‘தன்னியக்கம்’ உங்கள் பக்கம் நிற்கிறது. ஆனால் ‘தான்தோன்றி’யில் இருப்பது தான், இங்கே இருப்பது தன். தன்னுடைய விளை என்று ஆறாம் வேற்றுமையாக விரியும். இன்னொன்று: குமரி மாவட்டத்தில் ‘விளை’ என்றாலே தோப்பு, தோட்டம்தான். அம்மாண்டிவிளை போன்ற ஊர்ப்பெயர்களில் அது இன்றும் இருக்கிறது. தன் விளைச்சல் என்று படித்தாலும் சரி, தன் தோட்டம் என்று படித்தாலும் சரி, பொருள் கெடவில்லை. கலைச்சொல்லுக்கு இப்படி அமைவது அபூர்வம்.

> அப்படியானால் ‘பாட்டில்டு’க்குத் ‘தன்னடைப்பு’?

வேண்டவே வேண்டாம். மாரடைப்பும் சாக்கடை அடைப்பும் நினைவுக்கு வரும் புட்டியை யார் வாங்குவார்? ‘தன்விளை, தோட்டத்தில் அடைத்தது’ என்று தொடராகவே எழுதலாம். எல்லாவற்றையும் ஒரே சொல்லில் திணிக்க வேண்டியதில்லை. இரண்டும் தனித்தனி உறுதிமொழிகள் என்பதால் பிரித்து வைப்பதே நல்லது. பிரான்சில் ‘உடைமையிடத்தில் அடைத்தது’ என்ற வரியைக் கூட்டுறவு ஆலைகளும் போடலாம். ஜெர்மனியில் கூட்டுறவும் போடக்கூடிய ‘எர்ட்சொய்கர்அப்ஃப்யுல்லுங்’ (விளைவித்தவர் அடைத்தது) வேறு, தனித்தோட்டத்துக்கு உரிய ‘கூட்ஸ்அப்ஃப்யுல்லுங்’ (தோட்டத்தில் அடைத்தது) வேறு.

தேறல் பற்றி: ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ என்ற புறநானூற்று வரி (பாடல் 56) எனக்கும் பிடித்ததுதான். கப்பலில் வந்த ஒயினை நக்கீரர் தேறல் என்று சொல்லிவிட்ட பிறகு நாம் தயங்குவானேன் என்று கேட்கிறீர்கள். ஆனால் சங்கத் தேறலில் நெல்லும் தேனும் உண்டு, திராட்சை மட்டுமல்ல. தலைச்சொல்லாக ‘ஒயின்’ இருக்கட்டும். தேறு என்றால் தெளி. அந்த வேரைச் செய்முறைக்குக் கொண்டுபோவோம். பீப்பாயில் வண்டல் படிந்ததும் மேலிருக்கும் தெளிந்த ஒயினை வேறு பீப்பாய்க்கு மாற்றுகிறார்கள். போர்தோவில் ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நம் அடுக்களையில் புளிக்கரைசலுக்குச் செய்வதைத்தான் செய்கிறார்கள். இதற்குத் ‘தெளிவிறுத்தல்’ என்று வைக்கலாம்.

மிச்சமிருப்பது ‘மேசரேஷன்’, அதாவது திராட்சைத் தோலைச் சாற்றில் ஊறவிடுவது. காபர்னே சோவிஞோன், மெர்லோ போன்ற கருந்திராட்சை வகைகளின் சாறு ஏறக்குறைய நிறமற்றது. சிவப்பும் துவர்ப்பும் தோலிலிருந்து இறங்குவதால்தான் சாற்றைத் தோலோடு நொதிக்க விடுகிறார்கள்; மேலே திரளும் தோல் காய்ந்துவிடாதபடி அடியிலிருக்கும் சாற்றை எடுத்து அதன்மேல் ஊற்றுகிறார்கள். இதற்குத் ‘தோலூறல்’ என்று முன்மொழிகிறேன். நாளிதழில் ‘சாராய ஊறல் அழிப்பு’ என்று படித்துப் பழகியவர்கள் முகம் சுளிக்கலாம். எனக்கு அதில் கூச்சமில்லை. நொதிக்கும் கரைசலுக்கு நம் மக்கள் வைத்த பெயர்தானே? மறுப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள். இல்லையென்றால் ஞாயிறன்று ‘தன்விளை’யோடு இதையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.