பசுமைக்குடிலில் வெள்ளை ஈ: ஒட்டுண்ணிக் குளவியை விடுவது குறித்து ஆலோசனை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் பசுமைக்குடிலில் உள்ள தக்காளிச் செடிகளில் வெள்ளை ஈயின் தாக்குதல் கட்டுக்கடங்காமல் போய்க்கொண்டிருக்கிறது. செடியை லேசாக அசைத்தாலே வெண்ணிறப் பூச்சிகள் கூட்டமாகக் கிளம்பிப் பறந்து, சற்று நேரத்தில் மீண்டும் இளந்தளிர்களின் அடிப்புறத்திலேயே வந்து அமர்கின்றன. கீழ் இலைகளைத் திருப்பிப் பார்த்தால், செதில் போன்ற இளம்பூச்சிகள் நகராமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவை கழிக்கும் பிசுபிசுப்பின் மேல் கரும்பூசணமும் படர்ந்துவிட்டது.

தொங்கவிட்டுள்ள மஞ்சள் ஒட்டும் அட்டைகள் பறப்பவற்றை மட்டுமே பிடிக்கின்றன. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலுடன் கலந்து தெளித்ததில் இளம்பூச்சிகள் குறைந்தாலும், முட்டைகள் பெரும்பாலும் தப்பிவிடுவதால், வெப்பமான குடிலுக்குள் 3 அல்லது 4 வாரங்களில் அடுத்த தலைமுறை தயாராகிவிடுகிறது. வீரியமான பூச்சிக்கொல்லிகளை நாட எங்களுக்கு விருப்பமில்லை. வெள்ளை ஈ அவற்றுக்கு எதிர்ப்புத்திறன் பெறுவதில் பெயர்போனது.

ஆகவே, வெள்ளை ஈயின் இளம்பருவத்துக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் என்கார்சியா ஃபார்மோசா என்னும் நுண்குளவியை விடலாம் என எண்ணுகிறோம். அனுபவமுள்ளவர்கள் சில ஐயங்களைத் தெளிவுபடுத்த வேண்டுகிறேன். வேப்பெண்ணெய் தெளித்தபின் எத்தனை நாள் இடைவெளி விட்டுக் குளவியை விடுவது பாதுகாப்பானது? மஞ்சள் அட்டைகளில் குளவிகளும் சிக்கும் என்பதால், அவற்றை முழுவதும் அகற்றிவிட வேண்டுமா? முக்கியமாக, குளவி தாக்கிக் கறுத்த செதில்கள் முதிர்ந்த கீழ் இலைகளில்தான் மிகுதியாக இருக்கும். அந்த இலைகளைக் கழிக்கும்போது குளவிகளையும் இழக்காமலிருக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்?