தாழ்த்திய செடானுக்கு 18 அங்குலமா, 19 அங்குலமா?

சாம்பல்செடான்:
நண்பர்களே, என் ஸ்போர்ட்ஸ் செடானை 35 மி.மீ. தாழ்த்தியாகிவிட்டது. ஸ்பிரிங்கும் அதற்கேற்ற குட்டையான ஷாக் அப்சார்பரும் மாற்றியிருக்கிறேன். காரோடு வந்த வீல் 17 அங்குலம், அகலம் 7.5 அங்குலம், ஆஃப்செட் (வீல் ஹப்பில் பொருந்தும் முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து வெளிப்பக்கம் தள்ளியிருக்கும் தூரம், மி.மீ.இல்) 45. டயர் 225/45 ஆர்17, அதாவது அகலம் 225 மி.மீ., பக்கச்சுவர் அதில் 45 சதவீதம், ரிம் 17 அங்குலம். போல்ட் அமைப்பு 5×112 (112 மி.மீ. வட்டத்தில் ஐந்து போல்ட்). சஸ்பென்ஷன் முன்னால் மெக்பர்சன் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரே சக்கரத்தைத் தாங்கும் தூண்), பின்னால் மல்டிலிங்க் (பல கைகள் சக்கரத்தைப் பிடிப்பது). இப்போது 19 அங்குலம், 8.5 அகலம், ஆஃப்செட் 35 உள்ள ஒரு செட்டின் மீது கண் விழுந்திருக்கிறது. அதற்கு 235/35 ஆர்19 டயர் போட எண்ணம். தினமும் ஓட்டுகிற கார். வாங்கலாமா?

அகலரிம்:
தாராளமாக வாங்குங்கள். காரைத் தாழ்த்திவிட்டு 17இலேயே நின்றால் வேலை பாதியில் நிற்கிறது என்றுதான் அர்த்தம். சக்கர வளைவை நிரப்பும் வீல் வந்த பிறகுதான் அந்தக் காரின் தோள்பட்டையே தெரியும். அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. பக்கச்சுவர் குட்டையானால் ஸ்டீயரிங்கைத் திருப்பிய கணமே கார் திரும்பும். உயரமான பக்கச்சுவர் முதலில் நெளிந்துகொடுத்துவிட்டு அப்புறம்தான் வேலை செய்யும். பின்னாளில் பெரிய பிரேக் போட நினைத்தாலும் 19க்குள் இடம் இருக்கும். 235/35 ஆர்19 எக்ஸ்.எல். (கூடுதல் சுமைக்கான) டயரின் சுமைக் குறியீடு 91, அதாவது ஒரு டயருக்கு 615 கிலோ. உங்கள் பழைய டயருக்கும் அதே 91தான். தயங்க ஒன்றுமில்லை.

அச்சுமுனை:
தயங்க நிறைய இருக்கிறது. 225/45 ஆர்17 டயரின் விட்டம் 634 மி.மீ., 235/35 ஆர்19இன் விட்டம் 647. அதாவது டயரின் மேல்விளிம்பு ஆறு மி.மீ.க்கு மேல் வளைவுக்குள் ஏறும். ரிம்மின் வெளிவிளிம்போ 22.7 மி.மீ. வெளியே வரும்: அகலம் ஒரு அங்குலம் கூடுவதில் பாதி 12.7, ஆஃப்செட் குறைவதால் இன்னொரு 10. ஏற்கெனவே 35 மி.மீ. கீழே இறங்கி நிற்கும் மட்கார்டுக்குள் இதை எங்கே வைப்பீர்கள்?

இதைவிட எனக்குப் பெரிய கவலை பக்கச்சுவர். 101 மி.மீ. இருந்தது 82 ஆகிறது. சாலைப் பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்ள காரில் இருப்பது ஸ்பிரிங்கின் பயணமும் டயரின் பக்கச்சுவரும்தான். காரைத் தாழ்த்தியதால் முதலாவது குறைந்துவிட்டது. இரண்டாவதையும் வெட்டினால் மிச்ச அடி ரிம்மின் உள்விளிம்பில் விழும். ரிம் வளைவது அனேகமாக அங்கேதான். நின்று பார்த்தால் தெரியாத பக்கம் அது; ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பித்த பிறகுதான் கழற்றிப் பார்ப்பார்கள்.

என் பரிந்துரை: 18 அங்குலம், அகலம் 8, ஆஃப்செட் 45, டயர் 225/40 ஆர்18 எக்ஸ்.எல்., சுமைக் குறியீடு 92. விட்டம் 637, பழையதற்கும் இதற்கும் 3 மி.மீ.தான் வித்தியாசம். பக்கச்சுவர் 90 மி.மீ. கிடைக்கும்.

அகலரிம்:
கணக்கில் ஒரு பாதியைத்தான் சொல்கிறீர்கள். ரிம் 22.7 வெளியே வரலாம், ஆனால் மட்கார்டில் உரசுவது ரிம் அல்ல, டயரின் தோள். டயரின் மையம் 10 மி.மீ. வெளியே நகர்கிறது, பாதி அகலம் 5 முதல் 8 வரை கூடுகிறது. ஆக 15லிருந்து 18. அதுவும் கார் நேராக நிற்கும்போது. சக்கரம் மேலே ஏறும்போது நெகட்டிவ் கேம்பர், அதாவது சக்கரத்தின் உட்சாய்வு, கூடி, டயரின் தலை உள்ளே சாய்ந்துகொள்ளும். அதனால்தான் இவ்வளவு பேர் இந்த அளவில் ஓட்டுகிறார்கள். போதாவிட்டால் மட்கார்டின் உள்மடிப்பைச் சூடுபடுத்தி உருட்டி மடித்துவிடலாம்.

விட்டம் 2 சதவீதம்தான் கூடுகிறது. ஏ.பி.எஸ்.ஸுக்கு அது பொருட்டே அல்ல, நான்கு சக்கரத்திலும் ஒரே அளவு இருக்கும்வரை.

அச்சுமுனை:
ஏ.பி.எஸ்.ஸை விடுங்கள், ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள். ஐ.நா. விதி 39இன்படி அது உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. தயாரிப்பாளர்கள் அதனால்தான் சற்றுக் கூட்டிக் காட்டும்படி வைத்திருப்பார்கள். பெரிய டயர் அந்தக் கூடுதலை 2 சதவீதம் தின்றுவிடுகிறது. உங்கள் காரில் மிச்சம் எவ்வளவு என்பதை ஜி.பி.எஸ். வைத்துப் பார்க்காமல் யாரும் உறுதி சொல்லக் கூடாது.

அலைன்மெண்ட்மேடை:
கேம்பர் பற்றி அகலரிம் சொன்னது பின்சக்கரத்துக்குச் சரி. மல்டிலிங்கில் சக்கரம் ஏற ஏற மேல்பகுதி நன்றாகவே உள்ளே சாயும். முன்னால் இருப்பது ஸ்ட்ரட், அங்கே கதை வேறு. கீழ்க்கை (சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் கை) தரைக்கு இணையாக வரும் நிலையைத் தாண்டி மேலே சாயச் சாய, கேம்பர் கூடுவது குறைந்து, ஒரு கட்டத்துக்குப் பின் திரும்பிப் போகவும் தொடங்கும். 35 மி.மீ. தாழ்த்திய பல கார்களில் நிற்கும்போதே கை தரைக்கு இணையான நிலைக்குப் பக்கத்தில் இருக்கும். ஆகவே முன்மட்கார்டில் கேம்பரை நம்பி இடம் கணக்குப் போடாதீர்கள்.

ஆஃப்செட் பற்றி இன்னொன்று. 45ஐ 35 ஆக்கும்போது டயரின் மையம் ஸ்டீயரிங் அச்சைவிட்டு வெளியே நகர்கிறது, அந்த இடைத்தூரமான ஸ்க்ரப் ரேடியஸ் மாறுகிறது. சாலையில் லாரிகள் அழுத்திய தடத்தை கார் தேடிப் போவது, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மணலில் இருக்கும்போது பிரேக் போட்டால் ஸ்டீயரிங்கை இழுப்பது, இவையெல்லாம் கூடும். கார் ஓடாது என்று சொல்லவில்லை. பொறியாளர்கள் வைத்த இடத்துக்குக் காரணம் உண்டு என்கிறேன்.

தாழ்த்திய கார்களில் நான் அடிக்கடி பார்ப்பது இதுதான். வெளியிலிருந்து பார்த்தால் டயர் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர்க் கட்டிகள்) புதிதுபோல நிற்கும். சக்கரத்தைக் கழற்றிக் கையை உள்பக்கம் விட்டால் ரப்பர் முடிந்து கம்பி நுனி விரலில் குத்தும். எல்லோரும் கேம்பரைத் திட்டுவார்கள். டயரை அந்த வேகத்தில் தின்பது பெரும்பாலும் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் நேராக இல்லாமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம். ஸ்பிரிங் மாற்றிய பிறகு அலைன்மெண்ட் பார்த்தீர்களா, சாம்பல்செடான்?

சாம்பல்செடான்:
பார்த்துவிட்டேன் ஐயா. டோ சரிசெய்யப்பட்டது. முன்னால் கேம்பர் ஒன்றரை டிகிரிக்குச் சற்றுக் குறைவு, நெகட்டிவ்.

குறுந்தோள்:
ஏன் இவ்வளவு குழப்பம்? அதே 19×8.5 ரிம்மில் 215/35 ஆர்19 போடுங்கள். விட்டம் 633, பழைய டயரோடு ஒரு மி.மீ.தான் வேறுபடுகிறது. தோள் உள்ளே இழுத்துக்கொள்வதால் மட்கார்டிலும் உரசாது. பார்க்கவும் கச்சிதம்.

அச்சுமுனை:
தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். 215/35 ஆர்19 எக்ஸ்.எல். டயரின் சுமைக் குறியீடு 85, அதாவது 515 கிலோ. பழைய டயரைவிட ஒவ்வொன்றுக்கும் 100 கிலோ குறைவு. விட்டம் பொருந்துகிறது என்பதற்காகச் சுமையை விட்டுக்கொடுக்க முடியாது. நான்கு பேரும் பெட்டிகளுமாக நெடுஞ்சாலையில் போகும் கார் இது. சுமை தாங்காத டயர் பக்கச்சுவரில் சூடேறிப் பிரியும், அதுவும் வேகத்தில் போகும்போதுதான். மேலும், தோள் உள்ளே இழுத்துக்கொண்டால் நடைமேடை ஓரத்தில் முதலில் படுவது ரிம்தான்.

குறுந்தோள்:
முன் அச்சில் எவ்வளவு எடை விழுகிறது என்று தெரியாமலேயே 515 போதாது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

அலைன்மெண்ட்மேடை:
நியாயமான கேள்வி. கதவோரத் தகட்டில் அச்சுக்கான உச்ச எடை அச்சிட்டிருக்கும். அதைப் பாதியாக்கினால் ஒரு டயருக்கு வேண்டிய குறைந்தபட்சம் வந்துவிடும்.

அதோடு, 91க்கு 91 சமம் என்று அகலரிம் சொன்னதிலும், 92 போதும் என்று அச்சுமுனை சொன்னதிலும் ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது. சாதாரண டயர் தன் குறியீட்டுச் சுமையை 250 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் தாங்கும், சுமார் 36 பி.எஸ்.ஐ. எக்ஸ்.எல். டயருக்கு அதே சுமைக்கு 290 கிலோபாஸ்கல் வேண்டும், 42 பி.எஸ்.ஐ. காரோடு வந்தது எக்ஸ்.எல். அல்லாத 91 என்றால், கதவோரத் தகட்டில் உள்ள அழுத்தத்தையே புதிய டயருக்கும் வைப்பது தவறு. 18 ஆனாலும் 19 ஆனாலும் சில பி.எஸ்.ஐ. கூட்டித்தான் வைக்கவேண்டும். டயர் தயாரிப்பாளரின் சுமை அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டினால் சவாரி இன்னும் கொஞ்சம் விறைக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

அச்சுமுனை:
அழுத்தத்தைக் கூட்டவேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பக்கச்சுவர் 90 இருக்கும் டயரில் அந்த விறைப்பு தாங்கும். 82இல் அதே விறைப்பு முதுகில் தெரியும்.

அலைன்மெண்ட்மேடை:
சாம்பல்செடானுக்கு ஒரு வேண்டுகோள். இங்கே எல்லோரும் காகிதத்தில் பேசுகிறோம். உங்கள் காரை அளந்துவிடுங்கள். ஸ்பிரிங் கம்ப்ரெஸர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போய், முன்பக்கம் ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றச் சொல்லுங்கள். ஸ்பிரிங் இல்லாத ஸ்ட்ரட்டைத் திரும்ப மாட்டி, காரை ஸ்டாண்டில் நிறுத்தி, பழைய வீலைப் போட்டு, கீழ்க்கையை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் (சக்கரம் மேலே ஏறுவதை நிறுத்தும் தடுப்பு) நன்றாக அமுங்கும்வரை தூக்குங்கள். மட்கார்டின் உள்மடிப்பிலும் ஸ்ட்ரட்டின் உடம்பிலும் களிமண் உருண்டை ஒட்டிவையுங்கள். பிறகு ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்புங்கள். டயர் களிமண்ணைத் தொட்டால் அது நசுங்கி நிற்கும் தடிமன்தான் உங்கள் இடைவெளி. தொடவே இல்லை என்றால் மிச்சத்தை ஸ்கேலால் அளந்து கூட்டிக்கொள்ளுங்கள். தரையில் நிற்கும்போது மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே எத்தனை விரல் போகிறது என்பதை வைத்து வீல் வாங்காதீர்கள்.

அகலரிம்:
இந்த அளவையை நானும் ஆதரிக்கிறேன். எண் வரட்டும், பேசுவோம்.

சாம்பல்செடான்:
மெக்கானிக் முன்னாலும் பின்னாலும் அளந்து கொடுத்துவிட்டார். சக்கரம் முழுதாக ஏறிய நிலையில், பழைய வீலோடு: முன்மட்கார்டு மடிப்புக்கும் டயர் தோளுக்கும் 13 மி.மீ., ஸ்ட்ரட்டுக்கும் டயருக்கும் 11. பின்னால் மட்கார்டுப் பக்கம் 20. கதவோரத் தகட்டில் முன் அச்சுக்கு 1,080 கிலோ, பின் அச்சு அதைவிடக் குறைவு.

அச்சுமுனை:
அப்படியானால் ஒரு முன்டயருக்கு 540 கிலோ வேண்டும். 515 கிலோ டயர் இந்த உரையாடலை விட்டு வெளியேறுகிறது. அகலரிம் சொன்ன குறைந்தபட்சக் கணக்கிலேயே 19×8.5, ஆஃப்செட் 35 முன்னால் 15 மி.மீ. வெளியே போகிறது, இருப்பது 13. வளைவில் டயர் பக்கவாட்டில் நெளியும்போது இன்னும் சில மி.மீ. போகும். 18×8, ஆஃப்செட் 45 என்றால் டயரின் மையம் நகரவே இல்லை. ரிம் அரை அங்குலம் அகலமானால் டயர் சுமார் 5 மி.மீ. அகலும், பக்கத்துக்கு இரண்டரை. ஸ்ட்ரட் பக்கமும் மட்கார்டுப் பக்கமும் தாராளமாக இடம் இருக்கிறது.

குறுந்தோள்:
540 என்றால் 215 வேண்டாம். சரி.

அகலரிம்:
ஆஃப்செட் 35ஐ முன்னால் நானும் சொல்லமாட்டேன். மட்கார்டை உருட்டினால் இடம் வரும், ஆனால் தினசரிக் காரில் பெயிண்ட் வெடிக்கும் அபாயத்தை அவர்மேல் சுமத்த எனக்கு மனமில்லை. ஆனால் 19 முடிந்துபோகவில்லை. 19×8, ஆஃப்செட் 45, டயர் 225/35 ஆர்19 எக்ஸ்.எல்., குறியீடு 88. அது 560 கிலோ, 540க்கு மேல். விட்டம் 640, ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே கூடுகிறது. மையம் நகராது என்ற உங்கள் வாதம் இதற்கும் அப்படியே பொருந்தும். திருப்பத்தில் அந்தத் துல்லியத்தை ஒருமுறை உணர்ந்தவர் 17க்குத் திரும்பமாட்டார். கார் என்பது கண்ணுக்கும் கைக்கும் மகிழ்ச்சி தரவேண்டிய பொருள். அதைக் கிலோவும் மி.மீ.யுமாக மட்டும் பார்க்கச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

அச்சுமுனை:
மகிழ்ச்சியை நான் மறுக்கவில்லை. 20 கிலோ மிச்சத்தோடும் 79 மி.மீ. பக்கச்சுவரோடும், தாழ்த்திய காரில், தினமும் வேலைக்குப் போகிற சாலையில் அது எத்தனை நாள் நிலைக்கும் என்றுதான் கேட்கிறேன். துல்லியத்தில் பெரும்பங்கு டயரின் ரகத்துக்கு உண்டு. 18இல் நல்ல கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயர் போட்ட கார், 19இல் சுமாரான டயர் போட்டதைத் திருப்பத்திலும் மிஞ்சும், ஈரச் சாலையில் பிரேக்கிலும் மிஞ்சும். ரிம்முக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு டயரில் சிக்கனம் பிடிப்பதைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபமே வருகிறது. டயரை முதலில் தேர்ந்தெடுங்கள், ரிம் பிறகு.

சாம்பல்செடான்:
18×8, ஆஃப்செட் 45, டயர் 225/40 ஆர்18 92 எக்ஸ்.எல். என்று முடிவு செய்துவிட்டேன். ஃப்ளோ ஃபார்மிங் முறையில் (சுழலும் ரிம்மை உருளையால் அழுத்தி மெலிதாக்குவது) செய்த, எடை குறைந்த செட் ஒன்று கிடைக்கிறது. அகலரிம், உங்கள் 19×8 யோசனை உண்மையாகவே இழுத்தது, சாலைதான் தடுத்தது. வாங்கும் முன் வேறென்ன பார்க்கவேண்டும்?

அகலரிம்:
ரிம்மின் உள்பக்கத்தில் சுமை எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 540க்குக் குறைந்தால் எவ்வளவு அழகானாலும் வேண்டாம். ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. என்ற ஜப்பானிய வீல் தரச்சோதனை முத்திரை இருந்தால் நல்லது. உங்கள் பிரேக் காலிப்பரின் அளவுப் படத்தை வாங்கி ஆரக்கால்களுக்கு உள்ளே வைத்துப் பாருங்கள்; விட்டத்தில் இடம் இருந்தும் ஆரக்காலில் இடிக்கும் வீல்கள் உண்டு.

அலைன்மெண்ட்மேடை:
வீலின் நடுத்துளையும் ஹப்பும் ஒரே அளவா என்று கேளுங்கள். ஹப் 66.6 மி.மீ. இருந்து நடுத்துளை 73.1 என்றால் இடையே வளையம் போடவேண்டும், இல்லாவிட்டால் எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் நடுக்கம் போகாது. பழைய போல்ட்டின் தலை உருண்டை வடிவமா கூம்பா என்று பார்த்து, புது வீலின் குழி எதுவோ அதற்கேற்ற போல்ட் வாங்குங்கள். உருண்டைத் தலையைக் கூம்புக் குழியில் இறுக்கினால் முழுதாக உட்காராது. ஓட ஓடத் தளரும். டார்க் ரெஞ்சில் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கி, 100 கி.மீ. ஓடியதும் மறுபடி பாருங்கள். அலைன்மெண்ட்டையும் புது வீலோடு இன்னொரு முறை.