அப்பாவின் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போடலாமா?

நெல்லைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவரிடம் இருப்பது ஐந்தாம் தலைமுறை இன்டெல் ஐ5, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் உள்ள லேப்டாப். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள இன்டெல் சிப்புகளை, ஒரு சிலவற்றைத் தவிர, ஏற்காது, அதனால் கடையில் புதுசு வாங்கச் சொல்கிறார்கள். மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, திரை, கீபோர்டு எதிலும் குறையில்லை, தூக்கிப்போட மனசு வரவில்லை.

அப்பாவுக்கு வேண்டியது இவ்வளவுதான்: தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சு, வானவில் எழுத்துருவில் உள்ள பழைய வேர்டு கோப்புகள், தங்கையோடு கூகுள் மீட், கேனான் எல்பிபி2900 பிரின்டர். நான் ஹைதராபாத்தில் இருக்கிறேன், அடிக்கடி ஊருக்கு வர முடியாது. விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான (ஓஎஸ்) லினக்ஸைப் போடலாம் என்று நினைக்கிறேன். அதில் மின்ட் என்ற வகையா, வேறு எதுவா, எது சரிப்படும்? போடுவதற்கு முன் எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்?

வேலு_சர்வீஸ்:
தம்பி, எந்த லினக்ஸ் என்பது அப்புறம், முதலில் அந்த ஹார்ட் டிஸ்க்கை மாற்றுங்கள். மெஷின் இழுப்பதற்குப் பாதிக்கு மேல் காரணம் அதுதான். அதே இடத்தில் உட்காரும் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத வேகமான டிஸ்க்) வாங்கி, அதில் மின்ட்டைப் போடுங்கள். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை அழிக்காமல், விண்டோஸும் அப்பாவின் கோப்புகளும் இருக்கிறபடியே பத்திரமாக எடுத்து வையுங்கள், ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டால் வேண்டிய கோப்பை அப்பப்போ எடுத்துக்கொள்ளலாம். லினக்ஸ் பிடிக்கவில்லையென்றால் பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டிவிட வேண்டியதுதான். ஒரே டிஸ்க்கில் இரண்டு ஓஎஸ் வைத்துவிட்டு எதில் பூட் ஆகிறது என்று அப்பா திணறுவதைவிட இது எவ்வளவோ மேல்.

4 ஜிபியிலேயே ஓட்டுவதாக இருந்தால் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. ரேமை 8 ஆக்க ஸ்லாட் இருந்தால் சின்னமன் பதிப்பே போடலாம், அதன் மெனு விண்டோஸ் பழகியவருக்கு உடனே பிடிபடும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு.

கயல்விழி:
தமிழ்ப் பகுதிக்கு நான் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இந்த இடத்தில்தான் வெறுத்துப்போய் விண்டோஸுக்குத் திரும்புகிறார்கள். கீபோர்டு லேஅவுட் பட்டியலில் தமிழ்நெட் 99 என்று ஒன்று கண்ணில் படும், அதைச் சேர்க்காதீர்கள். எழுத்துகள் அதனதன் இடத்தில் இருக்கும், ஆனால் புள்ளி தானாக விழாது. அப்பா 'அம்மா' என்று அடிக்க ம-வை இரண்டு முறை தட்டுவார், திரையில் 'அமமா' என்று வரும், அவ்வளவுதான், லினக்ஸே சரியில்லை என்று முடிவு கட்டிவிடுவார். அதற்குப் பதில் சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சுத் தொகுப்பைத் தேடி நிறுவுங்கள், இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து ஒருமுறை லாக்அவுட் செய்து வாருங்கள், பிறகு ஐபஸ் அமைப்பில் தமிழ் என்பதன் கீழ் தமிழ்99-ஐச் சேருங்கள். இதில் புள்ளி ஒழுங்காக விழும்.

வானவில் யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) இல்லை என்பது அப்பாவுக்கே தெரிந்திருக்கும். பழைய கோப்புகளைப் படிக்க, விண்டோஸில் இருக்கும் அந்த எழுத்துருவின் டிடிஎஃப் ஃபைல்களை நகலெடுத்து இதிலும் நிறுவினால் போதும், வேர்டுக்குப் பதிலான லிப்ரே ஆபிஸில் திறக்கும். ஆனால் புதிதாக எழுதுவதெல்லாம் யூனிகோடிலேயே இருக்கட்டும், பழையதில் முக்கியமானதை எழுத்துரு மாற்றியில் கொடுத்து மாற்றி வையுங்கள். ஆசிரியர் ஒருவர் காலமெல்லாம் எழுதியது ஒரு எழுத்துருவை நம்பி நிற்கக் கூடாது, ஓஎஸ் மாற்றாவிட்டாலும் இதை மட்டும் கட்டாயம் செய்யுங்கள்.

ராம்_சிவகாசி:
மின்ட் நல்லதுதான், ஆனால் பிரின்டரை யாரும் கவனிக்கவில்லையே. எல்பிபி2900 செருகியவுடன் ஓடாது, அதற்கு கேனானின் காப்ட் டிரைவரைத் தனியாகப் போட வேண்டும், கொஞ்சம் மெனக்கெடும் வேலை. எச்பி மாடல்களில் பெரும்பாலானவை தொல்லை இல்லாமல் வேலை செய்யும், கேனானின் இந்த வரிசை அப்படியல்ல. நீங்கள் ஊரில் இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள், போனில் சொல்லிக்கொடுத்துச் செய்கிற காரியமில்லை. முடிந்ததும் டைம்ஷிப்ட்டில் ஒரு ஸ்னாப்ஷாட் (சிஸ்டத்தின் அப்போதைய நகல்) எடுத்து வையுங்கள், பின்னால் ஏதாவது அப்டேட் குளறுபடி செய்தாலும் அந்த நிலைக்குத் திரும்பலாம். தூரத்திலிருந்து பார்க்க ரஸ்ட்டெஸ்க் போட்டுவிட்டால் அப்பாவின் திரை ஹைதராபாத்தில் தெரியும்.

இன்னொன்று, அப்பா டேலி மாதிரி கணக்கு மென்பொருள் ஏதாவது பயன்படுத்துகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது விண்டோஸில்தான் ஓடும்.

நெல்லைக்காரன்:
டேலி எல்லாம் இல்லை. அனைவருக்கும் நன்றி, வார இறுதியில் ஊருக்கு வந்திருக்கிறேன். எஸ்எஸ்டி வாங்கிவிட்டேன், அதைத் தொடும் முன் பென்டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டிப் பார்த்தேன். ஒலி, கேமரா, டச்பேட் எல்லாம் சரி, மீட்டில் தங்கையோடு பேசியும் பார்த்தாயிற்று, ஆனால் அது போனின் இன்டர்நெட்டை யூஎஸ்பி வழியாகக் கொடுத்து (டெதரிங்). வைஃபை பட்டியலே வரவில்லை. வைஃபை கார்டு பிராட்காம் என்று காட்டுகிறது. நிறுவிய பிறகு வருமா, இல்லை இது வராத கேஸா?

வேலு_சர்வீஸ்:
வரும் தம்பி. எஸ்எஸ்டியில் நிறுவி முடித்ததும் அதே டெதரிங்கோடு டிரைவர் மேனேஜரைத் திறந்தால், பெரும்பாலும் பிராட்காம் டிரைவரை அதுவே காட்டும், அதைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். பயாஸில் (மெஷினின் அடிப்படை அமைப்பு) செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஆனில் இருந்தால் டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும், ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத்திரை வரும். பயந்து கன்டினியூ கொடுத்துவிடாதீர்கள், என்ரோல் எம்ஓகே என்பதை எடுத்து அந்த பாஸ்வேர்டைக் கொடுங்கள். அதைத் தவறவிட்டால் டிரைவர் ஏறியிருந்தும் வைஃபை வராது. அப்படியும் வரவில்லையென்றால் கார்டின் மாடல் எண்ணை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.