பழைய பிக்கப்பில் டீசல் இன்ஜின் மாற்றி டிரெய்லர் இழுக்கலாமா? உடன் எவற்றையெல்லாம் மாற்ற வேண்டும்?

கேள்வி – இழுவைவண்டி85

வணக்கம். என்னிடம் 1985ஆம் ஆண்டின் செவ்ரோலே முக்கால் டன் பிக்கப் ஒன்று உள்ளது. 5.7 லிட்டர் பெட்ரோல் வி8 இன்ஜின், நான்கு கியர் மேனுவல் கியர்பாக்ஸ், பின் ஆக்சில் விகிதம் 4.10, பின்சக்கர இழுவை மட்டுமே. சேசிஸிலும் கேபினிலும் துரு இல்லை. ஆனால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது, கம்ப்ரெஷனும் இறங்கிவிட்டது. எப்படியும் இன்ஜினை இறக்கியாக வேண்டும் என்ற நிலையில், அதே பெட்ரோல் இன்ஜினுக்குச் செலவு செய்வதைவிட டீசலுக்கு மாறிவிடலாம் என்று எண்ணுகிறேன்.

வேலை இதுதான்: சுமையுடன் சுமார் 3,200 கிலோ எடையுள்ள இரண்டு ஆக்சில் டிரெய்லரை மேடும் பள்ளமுமான சாலைகளில் இழுக்க வேண்டும். பிக்கப்பின் எடை ஆட்களோடும் சாமானோடும் 2,800 கிலோவைத் தொடும். கம்மின்ஸ் நிறுவனத்தின் டீசல் இன்ஜின்களான 4பிடி (நான்கு சிலிண்டர்), 6பிடி (ஆறு சிலிண்டர்) இரண்டையும் பலரும் பரிந்துரைக்கிறார்கள். இவற்றில் எது பொருந்தும்? இன்ஜினோடு சேர்த்து எவற்றை மாற்றியே ஆக வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகக் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில் – மேட்டுச்சாலை

நண்பரே, இன்ஜினைத் தேர்ந்தெடுக்கும் முன்பு உங்கள் சுமைக்கு எவ்வளவு திறன் தேவை என்று கணக்கிட்டுப் பாருங்கள். முறுக்குவிசை எண்ணை மட்டும் பார்த்து மயங்குபவர்கள் அதிகம். மேட்டில் எந்த வேகத்தில் ஏறுவீர்கள் என்பதை முடிவு செய்வது குதிரைத்திறன்தான்.

வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 6,000 கிலோ. 6 சதவீதச் சரிவில் இந்த எடையை மேலே தூக்க மட்டும் ஏறக்குறைய 3,500 நியூட்டன் விசை வேண்டும். டயர்களின் உருளல் தடைக்கு ஏறத்தாழ 700 நியூட்டனையும், பெட்டி வடிவ டிரெய்லருக்கான காற்றுத் தடையையும் கூட்டினால், அதே மேட்டில் மணிக்கு 80 கிலோமீட்டரைப் பிடித்து நிற்கச் சக்கரங்களில் 170 குதிரைத்திறன் தேவைப்படும். 3.9 லிட்டர் 4பிடி பெரும்பாலும் 105 குதிரைத்திறன் வகையாகவே கிடைக்கும். கியர்பாக்ஸிலும் ஆக்சிலிலும் போகும் இழப்பைக் கழித்தால், அது உங்களை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வேகத்தில்தான் மேலே கொண்டுபோகும். தொடக்ககால டாட்ஜ் பிக்கப்களில் வந்த 5.9 லிட்டர் 6பிடிக்கு 160 குதிரைத்திறன், சுமார் 540 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அதனுடன் 65 கிலோமீட்டரை ஒட்டி ஏறலாம்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். உங்கள் பெட்ரோல் வி8 புதிதாக இருந்தபோது அதற்கும் அதே 160ஐ ஒட்டிய திறன்தான் இருந்திருக்கும். ஆகவே மேட்டில் கடைசியாக எட்டும் வேகம் பெரிதாக மாறாது. மாறுவது வேறு: பெட்ரோல் இன்ஜின் அந்தத் திறனைத் தர நிமிடத்துக்கு 4,000 சுழற்சியை நெருங்கி அலற வேண்டும், டீசல் அதை 2,500 சுழற்சியில் மணிக்கணக்காகத் தரும், எரிபொருளும் கணிசமாகக் குறையும். டர்போ இருப்பதால் உயரமான மலைப்பகுதிகளிலும் திறன் அவ்வளவாக இறங்காது. இந்தப் பலன்களுக்காக மாற்றுகிறீர்கள் என்றால் மாற்றலாம்.

இனி ஆக்சில் விகிதம், அதாவது சக்கரம் ஒருமுறை சுற்றக் கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்பது. 6பிடி 2,500 சுழற்சியை ஒட்டிக் கவர்னரால் (சுழற்சி வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) கட்டுப்படுத்தப்படும் இன்ஜின். உங்கள் கியர்பாக்ஸின் நான்காவது கியர் 1:1 விகிதம். 235/85 ஆர்16 டயர் என்று வைத்துக்கொண்டால், 4.10 ஆக்சிலோடு மணிக்கு 90 கிலோமீட்டரில் இன்ஜின் ஏறக்குறைய 2,500 சுழற்சியில் இருக்கும். அதாவது அதன் உச்சவரம்பிலேயே நாள் முழுவதும் ஓடும். 3.42 விகிதமுள்ள கிரௌன்–பினியனுக்கு மாற்றினால் அது 2,100க்கு இறங்கும். அதைவிட நல்லது, ஆக்சிலைத் தொடாமல் என்வி4500 போன்ற ஓவர்டிரைவ் உள்ள ஐந்து கியர் கியர்பாக்ஸைப் போடுவது, 0.73 விகிதத்தில் 90 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,830 சுழற்சி போதும், மேட்டில் நான்காவதுக்கு இறங்க 4.10இன் பலமும் கையில் இருக்கும். இழுவைக்கு நான் எப்போதும் இந்த வழியைத்தான் பரிந்துரைப்பேன்.

அடாப்டர் தகட்டைப் பொறுத்தவரை ஒரு வேலையைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடான செவ்ரோலே பெல் ஹவுசிங்கின் துளை அமைப்பு கம்மின்ஸில் பொருந்தாது. இடையில் ஒரு தகடு வரும். தகட்டையும் ஹவுசிங்கையும் முறுக்கியபின், ஃப்ளைவீலில் டயல் கேஜைப் பொருத்தி, கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றி, கியர்பாக்ஸ் உட்காரும் நடுத்துளையின் விளிம்பில் முள் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். மொத்த ஆட்டம் 0.13 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் பைலட் பேரிங்கும் கியர்பாக்ஸின் முன் பேரிங்கும் நீடிக்காது. கிளட்ச் சரியாக விடுபடாமல் கியர் கரகரக்கும். பலர் இதைக் கியர்பாக்ஸின் பழுது என்று நினைத்து அதைப் பிரிக்கிறார்கள்.

எடையையும் பாருங்கள். உங்கள் வி8 சுமார் 260 கிலோ. 6பிடி ஏறக்குறைய 500 கிலோ. இன்டர்கூலர், இரண்டாவது பேட்டரி, பெரிய ரேடியேட்டர் எல்லாம் சேர்ந்தால் முன்பக்கம் 250 கிலோவுக்கு மேல் கூடிவிடும். முன் காயில் ஸ்பிரிங்குகளை மாற்றியே ஆக வேண்டும். அதோடு, முன் ஆக்சிலுக்கு வண்டியின் தகவல் தகட்டில் பொறித்திருக்கும் எடை வரம்பை மீறுகிறதா என்று எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். இன்ஜின் மாறியதால் வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையோ இழுவை வரம்போ ஒரு கிலோகூட உயராது.

பதில் – பழையஇரும்பு

மேலே கூறப்பட்டவற்றில் எனக்கு உடன்பாடே. ஆனால் விடுபட்ட ஒரு வழி உள்ளது. இதே பிக்கப் 1982 முதல் தொழிற்சாலையிலிருந்தே 6.2 லிட்டர் டீசல் வி8 உடனும் வந்தது. அந்த இன்ஜினின் பெல் ஹவுசிங் அமைப்பு உங்கள் பெட்ரோல் வி8இன் அமைப்பேதான். அடாப்டர் வேண்டாம், சேசிஸை வெட்ட வேண்டாம். எடையும் சுமார் 300 கிலோதான். திறன் 130ஐ ஒட்டியே இருக்கும் என்பதும், அது எரிபொருள் சிக்கனத்துக்காக வடிவமைக்கப்பட்ட இன்ஜின் என்பதும் உண்மை. மெயின் பேரிங் தாங்கிகளில் வெடிப்பு விடும் பழக்கமும் அதற்கு உண்டு. வாங்குமுன் இன்ஜினின் ஆயில் அடித்தொட்டியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். 2 டன் டிரெய்லர் என்றால் தயங்காமல் இதையே சொல்லியிருப்பேன். 3,200 கிலோவுக்கு, நிதானமாக ஏறச் சம்மதம் இருந்தால் மட்டும்.

4பிடி குறித்து ஒரு சொல்: பேலன்ஸ் ஷாஃப்ட் இல்லாத பெரிய நான்கு சிலிண்டர் இன்ஜின் அது. ஐட்லிங்கில் கண்ணாடி முதல் கதவு வரை நடுங்கும். மென்மையான மவுண்டிங் போட்டால் ஓரளவு குறையும், முழுமையாகப் போகாது.

பதில் – இறக்கத்தில்_கவனம்

ஐயா, எல்லோரும் ஏறுவதைப் பற்றியே பேசுகிறார்கள். 6 டன்னை இறக்குவதைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனெனில் உயிர்ப்பயம் அங்கேதான் இருக்கிறது.

பெட்ரோல் இன்ஜினில் த்ராட்டில் மூடும்போது உண்டாகும் வாக்குவம் இரண்டு வேலைகளைச் செய்கிறது: பிரேக் பூஸ்டருக்கு உதவுகிறது, காலை எடுத்ததும் வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. இந்த டீசல் இன்ஜின்களில் த்ராட்டில் தகடே இல்லை. எனவே இரண்டும் ஒரே நாளில் போய்விடும். பூஸ்டருக்கு வாக்குவம் பம்ப் ஒன்றைச் சேர்க்கலாம். டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு அதைவிடப் பவர் ஸ்டீயரிங் பம்பின் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ரோபூஸ்ட் அமைப்பே உறுதியானது. ஸ்டீயரிங் பம்ப் தேய்ந்திருந்தால் அதையும் அதே சமயத்தில் மாற்றுங்கள்; இனி பிரேக்கும் அதை நம்பித்தான் இருக்கப் போகிறது.

இன்ஜின் பிரேக்கிங்கை மீட்க எக்ஸாஸ்ட் பிரேக் வேண்டும். டர்போவுக்குப் பின்னால் ஒரு வால்வு மூடி, புகைபோக்கியில் எதிரழுத்தத்தை உண்டாக்கி, இன்ஜினையே காற்றமுக்கியாக மாற்றும் கருவி அது. ஆனால் பழைய 12 வால்வு 6பிடியின் எக்ஸாஸ்ட் வால்வு ஸ்பிரிங்குகள் மென்மையானவை. எதிரழுத்தம் அதிகமானால் மூடியிருக்க வேண்டிய வால்வு தானாகத் திறக்கும். வலுவான ஸ்பிரிங்குகளை இன்ஜின் வெளியே ஸ்டாண்டில் இருக்கும்போதே போட்டுவிடுங்கள்.

டிரெய்லருக்கென்று தனிப் பிரேக் இருந்தே தீர வேண்டும். அதன் கன்ட்ரோலர், வண்டியின் வேகம் எவ்வளவு விரைவாகக் குறைகிறதோ அதற்கேற்ப டிரெய்லர் பிரேக்கை அழுத்தும் வகையாக இருக்கட்டும். குறிப்பிட்ட நேரம் கழித்து ஒரே அளவில் பிடிக்கும் பழைய வகையை இந்த எடைக்கு நம்ப வேண்டாம். கப்ளிங் மீது இறங்கும் எடை, டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம், அதாவது உங்களுக்கு 320 முதல் 480 கிலோ வரை இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும்.

இழுவைவண்டி85

மிக்க நன்றி. கணக்கைப் பார்த்தபின் 4பிடியை விட்டுவிட்டேன். ஜெனரேட்டரிலிருந்து கழற்றிய 6பிடி ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது; ஓடிய மணிநேரமும் குறைவு. அதை எடுக்கலாமா, அல்லது பிக்கப்பில் ஓடியதையே தேட வேண்டுமா?

பதில் – மேட்டுச்சாலை

அடிப்படை இன்ஜின் நன்றாக இருந்தால் எடுக்கலாம். ஆனால் விலையை ஒப்பிடும்போது மற்றச் செலவுகளைச் சேர்த்துப் பாருங்கள். ஜெனரேட்டர் இன்ஜினின் கவர்னர் ஒரே சுழற்சியில், 1,500 அல்லது 1,800இல், அசையாமல் நிற்கும்படி அமைக்கப்பட்டது. சாலையில் ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டு எடுக்கும்போது வண்டி குதித்துக் குதித்துப் போகும். ஃபியூவல் பம்பைப் பட்டறையில் கொடுத்து வாகன வகைக் கவர்னராக மாற்ற வேண்டும். ஃப்ளைவீலும் அதன் ஹவுசிங்கும் வேறாக இருக்கும். அடித்தொட்டியின் ஆழமான பகுதி உங்கள் முன் கிராஸ் மெம்பரில் இடிக்கவும் கூடும். வாங்குமுன் டேப் வைத்து அளந்துவிடுங்கள். முழு டாட்ஜ் வண்டி ஒன்று கிடைத்தால் ரேடியேட்டர், இன்டர்கூலர், கியர்பாக்ஸ், இன்டேக் ஹீட்டரின் வயரிங் எல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். பெரும்பாலும் அதுவே மலிவாக முடியும்.

எதை வாங்கினாலும், முன்பக்க டைமிங் கவரைத் திறந்து அங்குள்ள சிறு எஃகு டவல் பின்னைப் பாருங்கள். கியர் ஹவுசிங்கைப் பிளாக்கில் நிலைநிறுத்துவதற்காக அடிக்கப்பட்டிருக்கும் அந்தப் பின், அதிர்வில் மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து டைமிங் கியர்களுக்கு நடுவே விழுவது இந்த இன்ஜினின் அறியப்பட்ட குறை. பக்கத்து போல்ட்டின் அடியில் ஒரு சிறு தகட்டைச் செருகி, அது பின்னின் வாயை மறைக்கும்படி முறுக்கிவிட்டால் தீர்ந்தது. இன்ஜின் வண்டிக்குள் ஏறிய பிறகு இதே வேலைக்கு ரேடியேட்டரையும் ஃபேனையும் கழற்ற வேண்டியிருக்கும்.

பதில் – பழையஇரும்பு

எரிபொருள் பக்கத்தை யாரும் சொல்லவில்லை. பெட்ரோல் டேங்கைக் கழற்றி நன்றாகக் கழுவி உலர்த்திய பிறகே டீசல் ஊற்றுங்கள். டீசலில் பெட்ரோல் கலந்தால், ஃபியூவல் பம்புக்கு டீசல் தரும் மசகுத்தன்மை கெடும். இன்ஜெக்டர்களிலிருந்து மிஞ்சி வரும் டீசல் டேங்குக்குத் திரும்ப ரிட்டர்ன் லைன் வேண்டும். நீர் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம்.

பழைய டேக்கோமீட்டர் இக்னிஷன் சிக்னலை நம்பி ஓடுவது, அது இனி வேலை செய்யாது. ஆல்டர்னேட்டரின் 'டபிள்யூ' முனையிலிருந்து சிக்னல் எடுக்கும் மீட்டரைப் போடலாம். அதோடு டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒரு வெப்பமானியைப் பொருத்துங்கள். நீண்ட மேட்டில் அது 680 டிகிரி செல்சியஸை நெருங்கினால் காலைச் சற்று எடுத்து, கியரை ஒன்று இறக்குங்கள். பம்பைத் திருகித் திறனைக் கூட்டிவிட்டு இந்த மீட்டர் இல்லாமல் சுமை இழுப்பவர்கள்தான் பிஸ்டனை உருக்குகிறார்கள்.

பதில் – இறக்கத்தில்_கவனம்

ஒன்றே ஒன்று: இன்ஜினுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே, உங்கள் வண்டி பதிவான இடத்தில் எரிபொருள் வகையையும் இன்ஜின் எண்ணையும் மாற்ற என்ன சோதனை, என்ன மாசு விதி என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள்; தெரிவிக்காத மாற்றத்தோடு டிரெய்லர் இழுத்து விபத்து நேர்ந்தால் இழப்பீடு மறுக்கப்பட வாய்ப்புண்டு.