இரிடியத்தில் தேதி குத்தியிருக்கிறதா?

பாறைப்பித்தன்: பக்கத்துத் திரியில் வான்குருவி எழுதியது: "அப்பல்லோ பயணங்கள் நிலாவிலிருந்து கொண்டுவந்த பாறைகளில் இரிடியம் என்ற அரிய உலோகம் இருக்கிறது. ஆக, 390 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலாவை விண்கற்கள் சரமாரியாகத் தாக்கியது நிரூபணமாகிவிட்டது." படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். நிலா உருகிக் கிடந்தபோதே இரிடியம் இரும்போடு சேர்ந்து உள்ளே இறங்கிவிட்டது. மேலோட்டின் வெள்ளைப் பாறையான அனார்த்தோசைட்டில் தேடினால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. உடைசல்கள் ஒட்டி இறுகிய பிரெக்சியாவில் தட்டுப்பட்டால் அது வெளியிலிருந்து வந்த சரக்கு. சரி. எப்போது வந்தது? இரிடியத்தில் தேதி குத்தியிருக்கிறதா?

வான்குருவி: தேதியை ஆர்கான் சொல்கிறது ஐயா, அதே பாறையில்: உருகி இறுகிய பின் பொட்டாசியம் சிதைந்து சேரும் வாயு அது, அளந்தால் வயது தெரியும். அப்பல்லோ 14, 15, 16, 17 எதை எடுத்தாலும் மோதலில் உருகி இறுகிய பாறைகளின், அதாவது உருகல்களின், வயது 390 கோடியை ஒட்டியே குவிகிறது. 1974-இல் டெரா, வாசர்பர்க் என்ற ஆய்வாளர்கள் பாறையிலுள்ள ஈயத்தை வைத்துச் சொன்னதும் இதுதான்.

பாறைப்பித்தன்: அப்போது சாட்சி ஆர்கான், இரிடியம் இல்லை. இதை ஒத்துக்கொள்ள இவ்வளவு நேரமா? அந்த நான்கு இடங்களுமே இம்ப்ரியம் படுகை, அதாவது நிலாவில் ஒரு மோதல் தோண்டிய மாபெரும் குழி, வாரியிறைத்த குப்பை எட்டும் தூரம். படுகையின் அகலமே 1,100 கி.மீ.க்கு மேல். ஒரே குண்டின் சில்லுகளை நான்கு இடத்தில் பொறுக்கிவிட்டு நான்கு குண்டு என்பீர்களா?

சுண்ணாம்புக்கல்: இம்ப்ரியத்தைத் தோண்டியது விண்கல்லா? விண்கல் என்பது விழுந்து கிடைக்கும் துண்டு. சிறுகோள் என்று எழுதுங்கள் இருவரும்.

வான்குருவி: வந்துவிட்டார் அகராதி. நிலாவிலிருந்து தெறித்துப் பூமியில் விழுந்த கற்கள் எங்கிருந்து வேண்டுமானாலும் கிளம்பியிருக்கலாம். 2000-இல் அவற்றின் உருகல்களைப் பார்த்தார்கள். 392 கோடிக்கு மேல் ஒன்றுகூட இல்லை. இதற்கும் இம்ப்ரியமா?

பாறைப்பித்தன்: மீதியையும் சொல்லுங்களேன். கீழே 280 கோடி வரை பரவிக் கிடந்தன. குவியல் எங்கே? ஹீலியம் திரியிலும் பாதியை மட்டும் காட்டித்தான் தப்பித்தீர்கள், மறக்கவில்லை. 2024-இல் சீனாவின் சாங்'இ-6 விண்கலம் நிலாவின் மறுபக்கத்திலிருந்து 1,935 கிராம் அள்ளி வந்தது. அதில் அங்குள்ள தென்துருவ-எய்ட்கன் மோதல் படுகைக்கு 425 கோடி என்று வயது வந்திருக்கிறது.

வான்குருவி: ஒரு படுகை மூத்தது என்றால் மற்றவை ஒன்றாகப் பிறக்கவில்லை என்றாகிவிடுமா? ஹீலியத்தில் யார் தப்பித்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

பாறைப்பித்தன்: ஹீலியம் கிடக்கட்டும். இரிடியத்தில் தேதி எங்கே?

சுண்ணாம்புக்கல்: சிறுகோள்.